நிற்கிற வண்டிக்கும் ஆறு மாதம்

எங்கள் வீட்டுக் காரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸுக்கு விட்டாக வேண்டும். மழை தொடங்கும் முன் ஒன்று, கார்த்திகை முடிந்ததும் ஒன்று. வண்டி ஓடியதா ஓடவில்லையா என்ற பேச்சே கிடையாது. இந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். பூனாவின் வானவடிப் பகுதியில் எங்கள் கட்டடத்தில் இருந்தவர்களுக்கு இது ஒரு வேடிக்கை. மார்க்கெட்டைத் தாண்டாத வண்டிக்கு எதற்கு இத்தனை சர்வீஸ் என்று மாடிப்படியில் நிறுத்திக் கேட்பார்கள். பதில் சொல்ல ஆரம்பித்தால் பசர்ணி காட் வரை போக வேண்டியிருக்கும் என்பதால், காய்கறிப் பையைக் காட்டிவிட்டு மேலே ஏறிவிடுவேன். அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

கார் எங்களிடம் வந்தது தொண்ணூறுகளின் நடுவில். மாற்றலாகிப் போன ஒரு ராணுவ அதிகாரியிடமிருந்து வாங்கிய சின்ன வெள்ளைக் கார். என் கணவருக்கு ராணுவத் தளவாடக் கிடங்கில் ஸ்டோர் பிரிவில் வேலை. காலையில் தெருமுனைக்கு வரும் ஆபீஸ் பஸ்ஸில் போய் மாலையில் அதிலேயே திரும்பிவிடுவார். நான் பக்கத்துப் பள்ளியில் ஆசிரியை. எனக்கு என் மொபெட் போதும். மகள் அப்போது பால்வாடி. அவளும் மொபெட்டில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு வந்துவிடுவாள். ஆக, காருக்கு எங்கள் வீட்டில் ஒரு வேலையும் இல்லை. பிறகு எதற்கு வாங்கினோம் என்றால், இவருக்கு ஆசை. நாள் முழுக்க யாராவது ஓர் அதிகாரிக்கு முன்னால் "யெஸ் சார்" என்று நிற்கிற மனிதர், ஸ்டியரிங்கைப் பிடித்ததும் முதுகு நிமிர்ந்து உட்காருவார். கேம்ப் கடைத்தெருப் பக்கம் ஒரு சுற்று போய் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் குழம்பில் உப்பு கூடிப்போனாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நான் பிடித்த பிடிவாதமெல்லாம் அவருக்காகத்தான், காருக்காக இல்லை.

ஆசை முற்றினால் என்ன ஆகும்? வாங்கிய பட்டுப்புடவையைக் கசங்கிவிடும் என்று கட்டாமலே பெட்டியில் வைத்திருக்கிறவர்கள் உண்டு. இவர் காரை அப்படி வைத்துக்கொண்டார். தடித்த துணியில் உறை தைத்தாகிவிட்டது. சனிக்கிழமை தோறும் உறையை உருவிக் கழுவித் துடைத்து, பானெட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, மறுபடி உறையை மாட்டிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைச் சுற்றும் மாதம் ஒன்றாகக் குறைந்தது. வெளியே மழை, சேறாகும். வெளியே வெயில், பெயின்ட் வெளுக்கும். ஆனால் மீட்டரைப் பார்ப்பதை மட்டும் விடவில்லை.

"பாத்தியா, வாங்கி வருஷம் ஒண்ணாச்சு, நாம ஓட்டுனது இன்னும் ஆயிரத்தத் தாண்டல. இது புது வண்டிதான்" என்பார்.

வண்டியோடு வந்த கையேட்டை ஒரு நாள் நான் எடுத்துப் படித்தேன். இத்தனை கிலோமீட்டர் ஓடினால் அல்லது ஆறு மாதமானால், எது முந்துகிறதோ அப்போது சர்வீஸுக்கு விடச் சொல்லியிருந்தது. அந்தப் பக்கத்தை அவர் முன்னால் விரித்து வைத்தேன்.

"மாசக் கணக்கெல்லாம் கராஜ்காரன் பிழைக்கதுக்குப் போட்டது" என்றார். "ஓடுனாத்தான தேயும்? நிக்க வண்டில என்னட்டி தேயப் போவுது?"

"தேயாட்டா கெடாதா?"

"நீ பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடு. வண்டிய நான் பாத்துக்கிடுதேன்."

நான் விட்டுவிட்டேன். நான் விட்டுக்கொடுத்த இடங்கள் ரொம்பக் குறைவு. இந்த ஒன்றை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வரும்.

இப்படி மூன்று வருஷம். ஆயுத பூசைக்கு எங்கள் முறைப்படி சாமந்தி மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். மறுநாள் தசராவுக்குக் கட்டடத்து மராட்டிக்காரர்கள் தங்கள் வண்டிகளுக்குச் செய்யும்போது, விட்டுப்போகக் கூடாதென்று எங்கள் காருக்கு இன்னொரு மாலை. இரண்டு நாளும் மாலை போட்டுக்கொண்ட வண்டி பூனாவில் அது ஒன்றாகத்தான் இருக்கும். அதன் பிரேக் ஆயிலை மாற்ற வேண்டுமென்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்த வருஷம், தீபாவளி லீவில் பாஞ்ச்கணி போகலாம் என்று நான்தான் நச்சரித்தேன். போகும்போது ஒரு குறையும் இல்லை. ஏற்றத்தில் வண்டி சமர்த்தாக ஏறியது. மேலே காற்று வாங்கி, கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டு, மூன்று மணிக்குப் புறப்பட்டோம். பாஞ்ச்கணியிலிருந்து வாயி ஊருக்கு இறங்கும் மலைப்பாதைக்குப் பசர்ணி காட் என்று பெயர். கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. மலைச்சாலை பழகாதவர் என்பதால் இவர் வழி நெடுக பிரேக்கில் வைத்த காலை எடுக்காமலே இறங்கினார். பாதி தூரத்தில், "ஏ, பெடல் உள்ள போவுது" என்றார்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நான் குனிந்து பார்த்தேன். அவர் கால் பெடலைத் தரைவரைக்கும் அமுக்கிக்கொண்டிருந்தது, வண்டி அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மறுபடி மறுபடி மிதித்தார். கியரைக் குறைத்தார், என்ஜின் அலறியது. கைப்பிரேக்கை இழுத்தார். கடைசியில் ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்து, இடது சக்கரங்களை ஓரத்து ஓடையில் இறக்கினார். பாறையில் உரசிக்கொண்டே போய் வண்டி நின்றது. பின்சீட்டில் இருந்த மகள் முன்சீட்டின் முதுகில் மோதி உதடு கிழிந்துவிட்டது. வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். எனக்கு முழங்காலில் அடி. இவருக்கு ஒரு கீறல் இல்லை. அதை அவர் பின்னால் பல வருஷம் தன்னையே குற்றம் சொல்லப் பயன்படுத்திக்கொண்டார்.

பின்னால் வந்த பால் டெம்போக்காரர் சக்கரத்துக்குக் கல் வைத்து, எங்களை வாயிக்குக் கூட்டிப்போனார். மகளுக்கு இரண்டு தையல். அங்கிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு இவர் மட்டும் திரும்பப் போனார். சாயங்காலம் வண்டி கட்டி இழுத்து வரப்பட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன். நரைத்த மீசைக்காரர் அந்த மெக்கானிக். சக்கரத்துக்குப் போகும் ரப்பர்க் குழாயை வளைத்துக் காட்டினார். அடுப்பில் காய்ந்த அப்பளம்போல விரிசல் விட்டிருந்தது. பிரேக் ஆயிலை ஒரு கண்ணாடிப் புட்டியில் வடித்துக் காட்டினார். பால் ஊற்றாத டீயின் நிறம். மாற்றி எத்தனை நாளாயிற்று என்று கேட்டார். இவர் இந்தியில், வண்டி ஓடவே இல்லையே என்றார்.

"காடி உபி ராஹிலி கீ கராப் ஹோதே, சாஹேப்" என்றார் அவர். நின்றே கிடக்கிற வண்டிதான் கெடும். ஆயில் சும்மா இருந்தாலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்குமாம். இறக்கத்தில் பிரேக் சூடேறினால் அந்த ஈரம் கொதித்து ஆவியாகும், பெடல் வெறும் காற்றைத்தான் அமுக்கும். பூனா மழையில் மூன்று வருஷம் உறைக்குள் நின்ற வண்டி இவ்வளவு தூரம் வந்ததே அதிகம் என்றார்.

விரிசல் விட்ட குழாயை மாற்றி, ஆயில் மாற்றி, மறுநாள் மெக்கானிக்கே எங்களைப் பூனாவுக்கு ஓட்டிவந்து விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினார். இவர் ஓட்ட மாட்டேன் என்றுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் சாவியை பிரிட்ஜ் மேல் வைத்தார்.

"வித்துருவோம். ராசியில்லாத வண்டி."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிறவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். கெட்ட கண்ணுக்குச் சூரியன்மேல் பழி போடுகிறவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

"உங்க டிப்போல ரப்பர் சாமானையெல்லாம் என்ன செய்யுதீங்க?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. இவர் வேலையே அதுதான். கிடங்கில் அடுக்கியிருக்கும் ராணுவ வண்டிகளின் ரப்பர்க் குழாய், வாஷர், பெல்ட் ஒவ்வொன்றுக்கும் ஆயுள் தேதி உண்டு. ஒரு நாள்கூட வண்டியில் மாட்டாத, பிரிக்காத பாக்கெட்டாக இருந்தாலும், தேதி கடந்துவிட்டால் சிவப்பு மையால் கோடு கிழித்து ஒதுக்கிவிடுவார். எந்த அதிகாரி சொன்னாலும் அந்தக் கோட்டை அழிக்க மாட்டார். அதில் அவருக்குப் பெருமை.

"அலமாரில சும்மா கெடக்க ரப்பர் கெடும்னு உங்களுக்குத் தெரியும்லா? ஊருக்குத்தான் உபதேசமா? நம்ம வண்டில இருக்கது ரப்பர் இல்லையா?"

"என் கையாலயே பிள்ளையக் கொன்னுருப்பேன்" என்றார் இவர். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை, ஏனென்றால் நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

ஆனால் அடுப்படியில் நின்றபடியே ஒன்றைத் தீர்மானித்தேன். இந்த வண்டி விற்கப்படாது. இந்த மனிதர் மறுபடி இதை ஓட்டுவார். வண்டியை விற்றால் பயம் அதோடு போய்விடாது, இவரோடு வீட்டிலேயே தங்கிவிடும். முதுகு நிமிர்ந்து உட்கார்ந்த அந்த மனிதரை நான் பசர்ணி காட்டில் விட்டுவிட்டு வருவதாக இல்லை.

முப்பத்தாறு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தவர் முதல் நாளே, ஆன்ட்டிக்கு இந்த வயதில் எதற்கு இந்தக் கஷ்டம் என்றார். எனக்கு ஆன்ட்டி என்று சொல்கிறவர்களைப் பிடிக்காது என்பதையும், ஃபீஸ் கட்டியாயிற்று என்பதையும் சொன்னேன். டெஸ்டில் முதல் தடவை தோற்றேன், இரண்டாம் தடவை லைசென்ஸ் வாங்கினேன். மே மாதக் கடைசியில் ஃபாத்திமா நகர் பக்கம் ஒரு கராஜுக்கு வண்டியை நானே ஓட்டிப் போனேன்.

"சாப் கோ பேஜோ, வஹினி" என்றார் அங்கிருந்த மெக்கானிக். ஐயாவை அனுப்புங்கள், அண்ணி.

"சாப் நஹீ ஆயேங்கே. மைஹீ ஆவூங்கி, ஹர் சே மஹீனே" என்றேன். நான்தான் வருவேன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

வண்டியை விட்டுவிட்டுப் போய்ச் சாயங்காலம் வாருங்கள் என்றார். நான் போகவில்லை. ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்தினேன். ஆயில் மாற்றும்போது பழையதைப் புட்டியில் பிடித்துக் காட்டச் சொன்னேன். நாலு சக்கரத்தையும் கழற்ற வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டு தடவை அவருக்கு எரிச்சல். மூன்றாவது தடவை அவராகவே எனக்கு ஸ்டூல் கொண்டுவந்து போட்டு, தானே ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். ஓடியது சில நூறு கிலோமீட்டராக இருந்தாலும் தேதி வந்தால் போய் நின்றேன். மழைக்கு முன், கார்த்திகைக்குப் பின். அந்த ஆறு மாதத்தை நான் ஒரு நாள் தள்ளிப்போட்டதில்லை.

வண்டியை உறைக்குள் போடுவதையும் நிறுத்தினேன். உறையை வெட்டிக் கால்மிதியாகத் தைத்துவிட்டேன். லோஹேகாவில் இருந்த என் சிநேகிதி வீட்டுக்கு, மார்க்கெட்டுக்கு, மகளின் பாட்டு வகுப்புக்கு என்று வாரம் இரண்டு தடவையாவது எடுத்தேன். இவரும் வருவார். ஆனால் முன்சீட்டில் உட்கார மாட்டார். பின்னால் மகளுக்குப் பக்கத்தில், அவளுக்கு முன்னால் ஒரு கையை நீட்டிக்கொண்டு உட்காருவார். அவள் வளர்ந்து, "அப்பா, ஹாத் எடுங்க, எனக்கு வெளிய தெரியல" என்று கையைத் தள்ளிவிட்ட பிறகும் அந்தக் கை திரும்ப வரும். ஓட்டுங்களேன் என்று நான் எத்தனையோ தடவை கேட்டேன். "நீதான் நல்லா ஓட்டுதியே" என்பார். நாலு வருஷம், ஐந்து வருஷம் ஆயிற்று. அவரை விட்டுவிடலாமே என்று எனக்கே சில நாள் தோன்றும். அடுத்த சர்வீஸ் தேதி வந்ததும் அந்த எண்ணம் போய்விடும்.

மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, கார்த்திகைக்குப் பின் வந்த சர்வீஸில், நாலு சக்கரத்துப் பிரேக் குழாயையும் மாற்றிவிடுவது நல்லது என்றார் மெக்கானிக். நானே கடையில் வாங்கிவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தேன். ஆபீஸிலிருந்து வந்த இவர் பாக்கெட்டைப் பார்த்தார். கை கழுவினார். மறுபடி பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றைப் பிரித்து, ரப்பரின் மேல் பொடி எழுத்தில் இருந்த எண்களை ஜன்னல் வெளிச்சத்தில் படித்தார்.

"இத எவன் குடுத்தான்?"

"ஏன்?"

"செஞ்சே அஞ்சு வருஷம் ஆவுது. கடைல கெடந்த பழைய சரக்க உன் தலைல கட்டிருக்கான். வண்டிய எடு."

"இப்பவேவா? நாளைக்கு..."

"கடைய மூடிருவான். எடுன்னு சொல்லுதேன்."

ஐந்து வருஷமாக நான் கேட்காத குரல் அது. சிவப்பு மையால் கோடு கிழிக்கிற குரல். கடைக்காரர் இதெல்லாம் புதுசுதான் என்று சாதித்துப் பார்த்தார். இவர் நாலு பாக்கெட்டையும் வரிசையாக வைத்து எண்களைப் படித்துக் காட்டியதும், உள்ளே போய் வேறு எடுத்துவந்தார். அதிலும் ஒன்றை இவர் ஒதுக்கினார். மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுக் கராஜுக்கு வந்து, வண்டிக்கடியில் தலையை விட்டுக்கொண்டு நின்றார். ஒவ்வொரு இணைப்பையும் தானே தொட்டுப் பார்த்தார். மெக்கானிக் என்னிடம், இத்தனை நாள் இவரை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் வஹினி என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது.

ஜனவரி லீவில் பாஞ்ச்கணி போகிறோம் என்று அறிவித்தேன். யாரையும் கேட்கவில்லை. மேலே போகும்வரை நான் ஓட்டினேன். இவர் பின்னால் கையை நீட்டிக்கொண்டே வந்தார். ஸ்ட்ராபெரி வாங்கிச் சாப்பிட்டோம். திரும்பும் நேரம் வந்தது. நான் சாவியை முன்சீட்டின் மேல் வைத்துவிட்டு, மகளோடு பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். முன்னால் யாரும் இல்லை. இவர் வெளியே நின்றார்.

"என்ன கூத்து இது?"

"மணி மூணாச்சு. வெளிச்சத்துலயே வாயி போயிரணும்."

"நீ ஓட்டு."

"நான் ஓட்டல."

"வெளையாடாத. பிள்ளை இருக்கா."

"பிள்ளை இருக்கதுனாலதான் சொல்லுதேன். ஒவ்வொண்ணா தேதி பாத்து மாட்டுனது யாரு? நீங்க பாத்த பிரேக்க நீங்களே நம்பலன்னா, வேற யாரு நம்புவா?"

அவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து நாலு சக்கரத்தின் உள்பக்கமும் பார்த்தார். ஒரு ஸ்ட்ராபெரிக்காரர் என்ன ஆயிற்று என்று விசாரித்துவிட்டுப் போனார். இவர் நடந்தே வாயிக்குப் போனாலும் போவார் என்று நினைத்தேன். அப்போதும் நான் இறங்குவதாக இல்லை. கடைசியில் முன்கதவு திறந்தது.

நின்ற இடத்திலேயே பெடலை ஏழெட்டுத் தடவை அமுக்கிப் பார்த்தார். பிறகு இரண்டாவது கியரில் போட்டு, இந்தத் தடவை காலைப் பிரேக்கிலேயே வைத்திருக்காமல், வளைவுக்கு வளைவு மட்டும் மிதித்துப் பார்த்து இறங்கினார். பின்னால் ஏழெட்டு வண்டிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு வரிசைகட்டின. ஒரு பஸ்காரர் தாண்டும்போது ஏதோ திட்டினார். இவர் காதில் எதுவும் ஏறவில்லை. சட்டை முதுகில் வேர்வை நனைத்திருந்ததைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். மிதித்த ஒவ்வொரு தடவையும் வண்டி நின்றது.

வாயியில் ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் ஓரம் கட்டினார். என்ஜினை அணைத்துவிட்டு, திரும்பாமலே மகளிடம் பேசினார்.

"அன்னைக்கு உன் உதடு கிழிஞ்சது என் தப்பும்மா. வண்டி தப்பு இல்ல. அம்மா சொன்னா, நான் கேக்கல. இத உங்கிட்ட ஒரு நாளும் சொல்லல."

மகளுக்குத் தமிழ் தேடித்தான் வரும்.

"அது எனக்கு டீக்கா, சரியா ஞாபகம் இல்லப்பா. ரத்தம் வந்துச்சுன்னு அம்மா சொல்லித்தான் தெரியும். அப்புறம் நீங்க ஓட்டவே இல்ல, அது மட்டும்தான் யாத் இருக்கு."

அவர் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். பூனா வரை அவரே ஓட்டினார், வீட்டுக்கு வந்தும் சாவியை என்னிடம் தரவில்லை. நானும் கேட்கவில்லை. சாவியை அவர் வைத்துக்கொள்ளட்டும். மழைக்கு முந்தைய சர்வீஸுக்கு வண்டியைக் கொண்டுபோகிறவள் மட்டும் நான்தான் என்று அன்று சாப்பிடும்போதே சொல்லிவிட்டேன்.